மாப்பிள்ளை டயர்

விடிந்தும் விடியாததுமாக உடையப்பன் ஜாக்கியை உருட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் புகுந்தார். அன்றைக்கு எப்.சி. வண்டியை ஆய்வாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, சாலையில் ஓடத் தகுதியானதுதான் என்று சான்றிதழ் வாங்க வேண்டிய நாள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஆள் ஏற்றினால் வண்டியைப் பிடித்துப் போட்டுவிடுவார்கள். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நின்ற மாதிரிதான்.

ஜீப்புக்கு வயதாகிவிட்டது. வலது பக்கக் கதவை உடையப்பனைத் தவிர வேறு யாராலும் சாத்த முடியாது; தூக்கி, அழுத்தி, இடுப்பால் ஒரு இடி இடிக்க வேண்டும். மழை பெய்தால் டிரைவர் சீட்டில் சொட்டும். ஆனாலும் குளத்தூர் பக்கத்துச் செம்மண் தடங்களுக்கும், தைல மரக் காட்டுக்குள் ஒளிந்து கிடக்கும் சிற்றூர்களுக்கும் அந்த மாதிரி ஜீப்பை விட்டால் வேறு கதி இல்லை. பஸ் கைகாட்டி முக்கத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் முக்கத்து ஸ்டாண்டில் நிற்கும் ஜீப்புகள்தான் ஆளையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி, சேறு என்ன மணல் என்ன எல்லாவற்றிலும் ஏறும் என்று உடையப்பன் பெருமையாகச் சொல்வார். அந்த நாலு சக்கரத்து டயரும் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

நாலும் மொட்டை. தரையைக் கவ்விப் பிடிப்பதற்காக டயரில் இருக்கும் பட்டன்கள் எப்போதோ தேய்ந்துபோய், கையால் தடவினால் சிமெண்டுத் தரையைத் தடவுகிற மாதிரி இருக்கும். அதனால்தான் அவர் அந்த நேரத்தில் அவற்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவற்றின் இடத்தில் ஏறப்போவது மாப்பிள்ளை டயர்.

ஸ்டாண்டுக்கு வெளியே இந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சில வருடங்களுக்கு முன்னால் ஸ்டாண்டு ஜீப்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, ஸ்டெப்னியோடு ஒரு செட் நல்ல டயர் வாங்கிப் போட்டார்கள். எல்லா ஜீப்புக்கும் ஒரே அளவு சக்கரம்தான். யாருக்கு எப்.சி. வருகிறதோ அவர் அன்று மாட்டிக்கொண்டு போவார். பாஸானதும் அன்று மாலையே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அந்த டயர்மேல் ஆள் ஏற்றக் கூடாது, மூட்டை ஏற்றக் கூடாது, காட்டுப் பாதைப் பக்கம் திருப்பவே கூடாது. மற்ற நாளெல்லாம் அது ஸ்டாண்டுக்குப் பின்னால் ரெங்கசாமியின் மாட்டுக் கொட்டகையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருக்கும். வேலை வெட்டி எதுவும் இல்லாமல், நாலு பேர் பார்க்கிற நாளில் மட்டும் குளித்து முழுகி வெளியே வருவதால் மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த யோசனையைச் சொன்னவரே உடையப்பன்தான். அன்றைக்கு ஸ்டாண்டே அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்ளாத குறை.

கடைசி நட்டை முறுக்கிவிட்டு அவர் எழுந்தபோது மனைவி அழகி கையில் தாம்பாளத்தோடு வந்துவிட்டாள். நாலு டயருக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். சூடத்தை ஏற்றி, எல்லை ஐயனார் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"வண்டி நல்லபடியா பாஸாயி வரணும். ஏறுறவங்க எறங்குறவங்க எல்லாரும் நல்லா இருக்கணும் சாமி."

உடையப்பன் வண்டியை நகர்த்தினார். மாப்பிள்ளை டயர் ஏறி எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. சாயங்காலம் வேறு வண்டிக்குப் போகப்போகிற டயருக்குக் கண்ணேறு கழித்தால் அந்தப் பலன் யாரைச் சேரும் என்று ஐயனாருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

புதுக்கோட்டை போகும் வழியெல்லாம் உடையப்பன் பள்ளம் மேடு பார்த்து மெதுவாகவே ஓட்டினார். ஆய்வு நடக்கும் மைதானத்தில் வண்டிகள் வரிசையில் நின்றன. போன தடவை இதே டயரை வேறு ஜீப்பில் பார்த்தது ஆய்வாளருக்கு ஞாபகம் இருந்துவிட்டால்? முகத்தைத் துடைத்துத் துடைத்துத் துண்டு நனைந்துபோயிற்று.

ஆய்வாளர் இளவயதுக்காரர். வெயிலைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், தீயணைக்கிற சிலிண்டர், முதலுதவிப் பெட்டி. வண்டியை ஓடச் சொல்லி பிரேக் பிடிக்கச் சொன்னார். பிரேக் சொன்ன இடத்தில் நின்றது. பிரேக் விஷயத்தில் உடையப்பன் விளையாட மாட்டார். சொந்தச் செலவில் புது லைனிங் போட்டிருந்தார். அந்த ஒரு நியாயத்தை வைத்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் மனசுக்குள் சமாளித்து வந்தார்.

கடைசியாக ஆய்வாளர் குனிந்து டயரின் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"வண்டிக்கு வயசாயிருச்சுங்க. ஆனா நல்லா வச்சிருக்கீங்க. டயரப் பாத்தாலே தெரியுது. இந்த மாதிரி பழைய வண்டிக்காரங்க டயர்லதான் காசு மிச்சம் புடிப்பாங்க. நீங்க அப்படிச் செய்யல."

"ஆமாங்க சார்," என்றார் உடையப்பன். வேறு என்ன சொல்வார்? அந்த ஆள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவருக்கு இத்தனை கூச்சமாக இருந்திருக்காது. ஆனால் பாஸ் என்று கேட்டதும் கூச்சம் ஓடியே போய்விட்டது. திரும்பி வரும்போது ஜீப்பில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் ரெங்கசாமி ஸ்டாண்டில் ஸ்பேனரோடு காத்திருந்தான். அவனுக்கு மறுநாள் எப்.சி.

"என்னண்ணே, பாஸா?"

"பின்ன? மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போனா பொண்ணு வேணாம்னா சொல்லுவாங்க?"

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சக்கரங்களைக் கழற்றினார்கள். ரெங்கசாமியின் ஜீப்பிலிருந்து பின்பக்க இடது சக்கரம் வெளியே வந்தபோது உடையப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது. ரப்பர் முழுக்கத் தேய்ந்து உள்ளே இருக்கிற கம்பி வெளியே தெரிந்தது.

"என்ன ரெங்கா இது? கம்பி தெரியுதேப்பா."

"பொங்கலுக்கு மாத்திருவேன்ணே. ஒங்க டயருல மட்டும் என்ன முடி மொளச்சா கெடக்கு?"

உடையப்பன் அடுத்த சக்கரத்தைக் கழற்றப் போனார். தன் டயரும் மொட்டையாக இருக்கிற வரைக்கும் அடுத்தவன் டயரைக் குறை சொல்லக் கூடாது என்பது ஸ்டாண்டில் எழுதாத சட்டம். மறுநாள் ரெங்கசாமியும் பாஸானான். மாப்பிள்ளை மறுபடியும் சாக்கைப் போர்த்திக்கொண்டு கொட்டகையில் சாய்ந்துகொண்டது. கம்பி தெரிந்த டயர் பழையபடி அதன் இடத்தில் ஏறியது.

இந்த விவரம் எதுவும் உடையப்பனின் மகள் ஹரிணிக்குத் தெரியாது. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படித்துவிட்டு இப்போதுதான் ஊருக்கு வந்திருந்தாள். ஒரு அறக்கட்டளையின் நடமாடும் மருத்துவக் குழுவில் வேலை. எப்.சி. ஆன அன்று அவள் அப்பாவிடம், "இம்புட்டுப் பழைய வண்டிய எப்படிப்பா பாஸ் பண்ணுனாங்க?" என்று கேட்டாள்.

"சும்மாவா பண்ணுவாங்க? அவரு அணு அணுவாப் பாத்தாரு தாயி. அதுல பாஸானா கண்ண மூடிக்கிட்டு ஏறலாம்," என்று மீசையைத் தடவிக்கொண்டார் உடையப்பன். அவள் அதை அப்படியே நம்பினாள்.

அதற்கு அடுத்த நாள் ராத்திரி நல்ல ஐப்பசி மழை. விடிந்தபோது மழை விட்டிருந்தாலும் வானம் கறுத்தே கிடந்தது. உடையப்பன் காப்பித் தம்ளரோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். ஹரிணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அப்பா, வாரேன். இன்னைக்குக் கண்மாய்க்கு அங்கிட்டு காட்டுக்குள்ள இருக்கிற ஊருல கேம்ப்."

"அந்தச் சேத்துல ஒங்க வேனு எப்படிப் போகும்?"

"வேன் போகாதுன்னுதான் ஜீப் பேசியிருக்காங்க. நம்ம ரெங்கசாமி சித்தப்பா வண்டிதான்."

தம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. "ரெங்கன் வண்டியா?"

"ஆமாப்பா. ஒங்க வண்டியத்தான் கேக்கச் சொன்னேன். ஒங்களுக்குக் கீரனூர் சவாரி இருக்குன்னு அம்மா சொல்லிட்டாங்க. எங்க வைஷ்ணவி மேடம் இந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு. எப்.சி. பேப்பரக் கையில வாங்கிப் பாத்துட்டுத்தான் சரின்னாங்க. இப்பத்தான் பாஸாயிருக்காமுல்ல?"

உள்ளே அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அழகி நிலைப்படிக்கு வந்து புருஷனின் முகத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை டயர் சங்கதி அவளுக்கும் தெரியும்.

உடையப்பனின் நாக்கு வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. அந்த வண்டியில ஏறாத தாயி. அவ்வளவுதான், அதைச் சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று அவள் கேட்பாள். சொன்னால் அந்த மேடத்துக்குத் தெரியும். ரெங்கனுக்குச் சவாரி போகும். ரெங்கன் வாயைத் திறந்தால் ஸ்டாண்டில் எந்த வண்டி மிஞ்சும்? இவருடைய சான்றிதழே என்ன ஆகும்? ரெங்கன் பழகின கை, இந்தப் பாதையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவான், ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது என்று மனசு வேகவேகமாகச் சமாதானம் தேடியது. தேடுகிறவனுக்குச் சமாதானம் கிடைக்காமலா போகும்?

"ஏங்க..." என்றாள் அழகி.

கண்ணாலேயே அவளை அடக்கினார். "பாத்துப் போ தாயி. கம்பிய நல்லாப் புடிச்சுக்க," என்றார் மகளிடம்.

ஹரிணி சிரித்தாள். "எப்.சி. ஆன வண்டிக்கு என்னப்பா பயம்? நீங்கதானே சொன்னீங்க, கண்ண மூடிக்கிட்டு ஏறலாம்னு."

அவள் தெருமுனை திரும்புகிறவரைக்கும் அழகி பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்கப்புறம் விறுக்கென்று உள்ளே போய்விட்டாள். மிச்சக் காப்பியை உடையப்பனால் குடிக்க முடியவில்லை.

அவர் ஸ்டாண்டுக்கு வந்தபோது ரெங்கசாமியின் ஜீப் கிளம்பிப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தூறலாக ஆரம்பித்து, எதிர்ப்பக்க டீக்கடை மறைகிற அளவுக்குக் கொட்டியது. கீரனூர் போகிற பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து உடையப்பனின் ஜீப்பில் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். உடையப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். மகளுக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ரெங்கசாமிக்குப் போட்டார். அதுவும் அதையே சொன்னது.

பக்கத்து ஜீப்பில் இருந்த கோபிநாத் எட்டிப் பார்த்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் விடுவது அவன் வாடிக்கை. "காட்டுக்குள்ள டவர் கெடையாதுண்ணே. ஏன் இப்படிப் பதறுறீங்க?"

"பாப்பா போயிருக்குடா. ரெங்கன் வண்டியில."

கோபிநாத்தின் பார்வை காட்டுப் பாதைப் பக்கம் போயிற்று. அதைப் பார்த்ததும் உடையப்பன் இன்னும் கலங்கினார். கண்மாய்க் கரை மேல் ஏறுகிற இடம் அவர் கண்முன்னால் வந்து நின்றது. ஒரு பக்கம் நிறைந்த தண்ணீர், மறுபக்கம் சரிவு. நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குச் செம்மண். மழை பெய்தால் அந்த மண் வெண்ணெய் மாதிரி வழுக்கும்.

"எறங்குங்க ஆத்தா. எல்லாரும் எறங்குங்க. இன்னைக்கு வண்டி போகாது."

"அட, ஏறி ஒக்காந்தப்பறம் சொல்றீங்களே. மழையில எங்கிட்டு நிக்கிறது?" என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை. வெறும் வண்டியைத் திருப்பிக் காட்டுப் பாதையில் விட்டார்.

இத்தனை வருடம் ஓட்டிய பாதை. ஒரு நாளும் பயந்ததில்லை. இன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் வண்டி தன் இஷ்டத்துக்கு வழுக்கியது. இடது பக்கம் ஒடித்தால் நேராகப் போயிற்று. பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றது, வண்டி நிற்காமல் சறுக்கிக்கொண்டு போயிற்று. இது புதிதாக வந்த வியாதி இல்லை. போன மழையிலும் இதே மாதிரிதான் வழுக்கியிருக்கும். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அய்யோ என்று கத்தினால், புடிச்சு ஒக்காருங்க என்று இவர் அதட்டியிருப்பார். அப்படி அதட்டு வாங்கினவர்கள் ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு அப்பன், ஒரு ஆத்தாள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். "ஐயனாரே, எம் புள்ளைய விட்டுரு. என்னைய எடுத்துக்க," என்று வாய்விட்டே அழுதுகொண்டு ஓட்டினார்.

கண்மாய்க் கரையின் ஏற்றத்தில் ஜீப் ஏறவே மாட்டேன் என்றது. நாலு சக்கரமும் சேர்ந்துதான் சுற்றின. சேற்றை வாரி இறைத்ததுதான் மிச்சம். வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் கரைமேல் ஓடினார்.

கண்மாயில் மிஞ்சின தண்ணீர் வழிந்தோடும் கலிங்குக்குப் பக்கத்தில், கரைச் சரிவில், ரெங்கசாமியின் ஜீப் ஒருக்களித்துக் கிடந்தது. ஒரு பனைமரம் தடுத்து நிறுத்தியிருந்தது. அந்த மரம் இல்லாவிட்டால் கீழே பாறைப் பள்ளம். உருண்டு கிடந்த மருந்துப் பெட்டியிலிருந்து மாத்திரை அட்டைகள் மழைத் தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தன.

"தாயி! ஹரிணி!"

"இங்கிட்டு இருக்கேன்ப்பா," என்று குரல் வந்தது.

புளியமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வைஷ்ணவியின் நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. ஹரிணி வலது கையால் அந்தக் காயத்தைத் துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கை துப்பட்டாவில் கழுத்தோடு கட்டித் தொங்கியது. முகம் வலியில் வெளுத்திருந்தது. உடையப்பன் சேற்றில் மண்டியிட்டு மகளின் தலையையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தார். உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது.

ரெங்கசாமி தலையில் கை வைத்துத் தள்ளி உட்கார்ந்திருந்தான். "பிரேக்கு புடிச்சுதுண்ணே. நல்லாத்தான் புடிச்சுது. வண்டிதான் நிக்கல," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஹரிணி சரிவைக் காட்டினாள். ஒருக்களித்த ஜீப்பின் பின்சக்கரம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. மழையில் கழுவப்பட்டு அதன் கம்பிகள் பளிச்சென்று தெரிந்தன.

"அந்த டயரப் பாருங்கப்பா. இதுக்குப் போயி எப்படி எப்.சி. குடுத்தாங்க? அந்த ஆபீசரு கண்ணத் தொறந்து பாத்தாரா இல்லையா?"

"விடக் கூடாது," என்றாள் வைஷ்ணவி. "நான் கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறேன். காசு வாங்கிட்டுத்தான் பாஸ் போட்டிருக்கணும்."

ரெங்கசாமி உடையப்பனை நிமிர்ந்து பார்த்தான். பேசாமல் இருங்கண்ணே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. பேசாமல் இருந்துவிடலாம்தான். பழி அந்த ஆய்வாளர்மேல் போய்விடும். வெயிலில் நின்று பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்த அந்த இளவயதுக்காரர் முகம் உடையப்பனுக்கு ஞாபகம் வந்தது. காலையில் ஒருமுறை வாயை மூடிக்கொண்டதற்குக் கிடைத்த பலன் துப்பட்டாவில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவரு நல்லாத்தான் பாத்தாரு தாயி," என்றார். "காசு வாங்கல. நாங்க காட்டுனதுதான் வேற டயரு."

மாப்பிள்ளை டயர் கதை முழுவதையும் சொன்னார். யோசனை தன்னுடையதுதான் என்பதையும் சொன்னார். ஹரிணி மேலே தூக்கி நின்ற அந்தச் சக்கரத்தை மறுபடி பார்த்தாள்.

"அப்ப இந்தக் கம்பி தெரியுறது ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும் தாயி."

"காலையில நான் கெளம்பும்போதும் தெரியும்."

"ஆமா தாயி."

ஹரிணி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலை போல இருந்திருக்கும். "டயரப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லப்பா. எனக்குப் பதிலா ஒருத்தரு பாத்துட்டாருன்னு அந்தப் பேப்பரு சொல்லுச்சு. அத நம்பித்தான் ஏறுனேன். மேடமும் அத நம்பித்தான் ஏறுனாங்க. நீங்க அந்த ஆபீசர ஏமாத்தலப்பா. ஏறி ஒக்காந்த எங்களத்தான் ஏமாத்துனீங்க."

உடையப்பன் பதறிப் போனதைப் பார்த்துப் பயந்துபோன கோபிநாத் ஊரிலிருந்து டிராக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வைஷ்ணவிக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். ஹரிணியின் கை எலும்பு முறிந்திருந்தது, மாவுக்கட்டு போட்டார்கள். அழகி மகளுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். புருஷனுக்குத் தட்டை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துகொண்டாள். மகளும் பேசவில்லை.

அடுத்த வாரம் கோபிநாத்துக்கு எப்.சி. முதல்நாள் சாயங்காலம் ஜீப்காரர்கள் கொட்டகை வாசலில் கூடினார்கள். உடையப்பன் சாக்கை விலக்கி மாப்பிள்ளை டயர்களை வெளியே உருட்டிக்கொண்டு வந்தார். கோபிநாத்தின் ஜீப்பில் அவரே மாட்டினார். ஒவ்வொரு நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்.

"நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்து போட்டுர்றேன்ணே," என்றான் கோபிநாத்.

"கொண்டாராத."

"என்னண்ணே சொல்றீங்க?"

"திருப்பிக் கொண்டாராதன்னு சொல்றேன். ஒன் வண்டியிலதான் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஏறுது. இனிமே இது ஒன் வண்டியிலயே கெடக்கட்டும். தேயட்டும். மாப்பிள்ளை இம்புட்டு நாளு ஒக்காந்து தின்னது போதும், வேலைக்குப் போகட்டும்."

ஸ்டாண்டில் பெரிய கூச்சல் கிளம்பியது. எல்லாரும் போட்டு வாங்கிய டயரை ஒருத்தனுக்கு எப்படிக் கொடுப்பது, எங்கள் எப்.சி.க்கு என்ன வழி என்று சண்டைக்கு வந்தார்கள்.

"இந்த யோசனையச் சொன்னதே நீங்கதானே?" என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான் சொன்னேன். அதனாலதான் நானே நிப்பாட்டுறேன். புது டயர் போட முடிஞ்சவன் ஓட்டட்டும். முடியாதவன் போடுற வரைக்கும் நிறுத்தி வைக்கட்டும். மொதல்ல என் வண்டி நிக்குது, பாத்துக்கங்க."

சொன்னபடியே தன் ஜீப்பின் மொட்டை டயர் நாலையும் கழற்றி, யாரும் மறுபடி மாட்ட முடியாதபடி அரிவாளால் வெட்டிப் போட்டார். வண்டியைக் கருங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தினார். ரெங்கசாமிதான் கல் எடுத்துக் கொடுத்தான். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போனார்கள்.

அன்றிலிருந்து உடையப்பன் ஒரு செங்கல் சூளையில் டிராக்டருக்குக் கூலி டிரைவராகப் போகிறார். சாயங்காலம் திரும்பும்போது ஸ்டாண்டுக்கு வந்து, கல்மேல் நிற்கிற ஜீப்பைத் துடைத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் அப்படித் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஹரிணி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கையில் இன்னும் கட்டு இருந்தது. நேராக வீட்டுக்குப் போகாமல் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மத்தியானம் சாப்டீங்களாப்பா?"

அத்தனை நாளைக்கு அப்புறம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. உடையப்பன் ஆமென்று தலையை ஆட்டினார்.

அதே பஸ்ஸில் இறங்கிய சொர்ணவல்லி, காய்கறி விற்று முடித்த காலிக் கூடையோடு ஜீப்பின் பின்பக்கம் ஏறப்போனவள், கல்லைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னண்ணே இது? இப்பத்தான் எப்.சி. பாஸாயிருச்சுன்னீங்க, வண்டியக் கல்லு மேல ஏத்தி வச்சிருக்கீங்க?"

உடையப்பன் மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு சொர்ணவல்லியிடம் சொன்னார்:

"அன்னைக்குப் பாஸானது எரவல் டயரு, தங்கச்சி. என் வண்டி இன்னும் பாஸாகல. புது டயரு மாட்டி, அதே ஆபீசர்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லி, மறுபடி காட்டிட்டுத்தான் ஒன்னைய ஏத்துவேன். ஆபீசரு வருசத்துல ஒருநாள்தான் பாக்குறாரு. நீ தெனமும் உசுர நம்பி ஏறுற. அவருக்குக் காட்டுன வண்டியத்தான் ஒனக்கும் ஓட்டணும். இல்லைன்னா அந்தப் பேப்பர வச்சுக்கிட்டு நான் செய்யிறது டிரைவர் வேலை இல்ல, கொலகார வேலை."